கச்சான் எழும்ப முதல்

மாரத்தான் ஓடுகிறவர்கள் ஜூன், ஜூலையில் ஒரு தடவையாவது திருகோணமலைக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த சூடாக இறங்கி வரும் காலம் அது. ஊரில் அதைக் கச்சான் என்கிறார்கள். உப்புவெளியில் நான் தங்கிய வீட்டு ஐயா வந்தவுடனேயே சொன்னார்: "தம்பி, கச்சான் எழும்ப முதல் ஓடி முடிச்சிடுங்கோ."

விடிய முன்னமே நிலாவெளி வீதியில் இறங்கிவிடுவேன். தட்டையான வீதி, மெதுவான ஓட்டத்துக்குத் தோதானது. மெதுவான ஓட்டம் என்றால் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனம் பேச முடிகிற வேகம். வெக்கைக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தி வரும், அதில் போகும் உப்பும் குறையும். அதுவரை வழக்கமான வேகத்தைப் பிடிக்க நினைப்பது வீண். மூச்சு சொல்வதை நம்புங்கள்.

கச்சானில் கவனிக்க வேண்டியது வியர்வைதான். காய்ந்த காற்று அதை உடனே உறிஞ்சிவிடுவதால் எவ்வளவு போனதென்றே தெரியாது. பெனியனில் வெள்ளையாகப் படியும் உப்புத்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் ஓட முன்பும் பின்பும் நிறை பார்க்கிறேன். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லீட்டர் நீர் போயிருக்கிறது. அதற்காக வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நெடு ஓட்டத்துக்குப் பிறகு நான் உப்புப் போட்ட கஞ்சியைத்தான் முதலில் தேடுவேன்.

போட்டி நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். அதை வயிறு ஏற்கவும் பயிற்சி தேவை. நெடு ஓட்டங்களில் வாழைப்பழமோ, ஓட்டக்காரர்களுக்கென்று பொதியில் வரும் மாச்சத்துக் கூழான ஜெல்லோ சாப்பிட்டுப் பழகாமல் போட்டியன்று புதிதாக எதையும் தொடாதீர்கள்.

ஒரு நாள் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏற்றத்தில் ஓடினேன். வழியில் மான்கள் நின்று பார்த்தன, அவ்வளவு அழகு! மறுநாள் முழு ஓய்வு. இங்கே ஓய்வெடுப்பது சுலபம், ஏனென்றால் மத்தியான வெய்யில் யாரையும் வெளியே விடாது. இடியப்பம், சொதி, மீன்குழம்பு, பிறகு நல்ல நித்திரை. தசை தன்னைச் சரிசெய்வது நித்திரையில்தான். அதைக் குறைத்துக்கொண்டு கிலோமீற்றரைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். பின்னேரம் உப்புவெளிக் கடலில் மெதுவாக நீந்துவேன். இந்த மாதங்களில் கீழைக்கரைக் கடல் அமைதி, பாரம் இல்லாமல் கால் அசையும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போகலாம். ஆனால் ஓட்டம் முடிந்த கையோடு, உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். ஓய்வு நாள் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளிக்க நேரமும் இருக்கும்.