மொட்டைமாடி வாட்டமும் ஒன்பதாம் வகுப்பும்

தமிழக அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க வைக்கும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கியது. அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு என்பதால், 9, 10ஆம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களான எங்களில் பலர் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சேர்ந்த கற்றல்) நமக்கான வேலை இல்லை என்றே இருந்துவிட்டோம். பயிற்சிகளில் சக ஆசிரியர்களிடம் பேசினால் இரண்டு கருத்துகள் வரும். ரோபோ, அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை எல்லாம் இருந்தால்தான் ஸ்டெம் என்பார்கள் சிலர். செய்முறை காட்டினாலே ஸ்டெம்தான் என்பார்கள் மற்றவர்கள்.

இரண்டாவது கருத்து எனக்கு ஒப்பவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். குவிலென்சின் குவியத் தொலைவு எவ்வளவு வரவேண்டும் என்பது லென்சைத் தாங்கியில் வைக்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கை பழக அது வேண்டியதுதான். ஆனால் விடை தெரியாத ஒன்றைத் திட்டமிட்டு, செய்து பார்த்து, தவறினால் மாற்றிச் செய்வது அதில் எங்கே வருகிறது?

அதனால் நானும் கணக்கு டீச்சரும் 9ஆம் வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி வைத்தோம். வகுப்பறைத் தளத்தில் பெய்யும் மழையில் தோட்டத்து 500 லிட்டர் தொட்டி நிரம்புமா? மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். குழாயும் ஏற்கெனவே இருந்தது. தலைமையாசிரியர் எங்கள் இரண்டு பாடவேளைகளையும் அடுத்தடுத்துப் போட்டுத் தந்தார். அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது.

முதல் தடையே மில்லிமீட்டர். தண்ணீரை ஏன் நீள அளவில் சொல்கிறார்கள், அகலமான பாத்திரம் வைத்தால் மழை கூடுதலாகக் காட்டுமா என்று கேட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் ஒரு லிட்டர் என்று டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அடுத்து பாட்டிலை வெட்டி மழைமானி செய்தார்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்ததால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போட்டார்கள். இது அவர்களே கண்டுபிடித்த வழி.

தளம் 12 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 72 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் 720 லிட்டர், தொட்டி வழிய வேண்டும். மழைமானியில் 10 மி.மீ. காட்டிய நாளில் தொட்டியில் சுமார் 300 லிட்டர்தான் இருந்தது.

அன்று நடந்த விவாதத்துக்கு ஈடாக எந்தப் பாடமும் நான் எடுத்ததில்லை. தளம் உறிஞ்சியிருக்கும் என்றது ஒரு குழு. குழாய் ஒழுகுகிறது என்றது இன்னொன்று. கொத்தனார் மகள் ஒருத்தி மட்டும் “வாட்டம் பாக்கணும் சார்” என்றாள். தண்ணீர் ஓடத் தளத்தில் வைக்கும் சரிவைத்தான் வாட்டம் என்றாள். எங்கள் கண் முன்னாலேயே மேலே போய்க் குடத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். ஒரு பகுதி பின்பக்கக் குழாய்க்கு ஓடியது. நீர் பிரியும் கோட்டைச் சாக்பீஸால் வரைந்தபோது எங்கள் குழாய்க்கு வரும் பகுதி சரிவகமாக இருந்தது. பரப்பு சுமார் 40 சதுர மீட்டர். 400 லிட்டரில் தளம் நனைவதற்கும் தெறிப்பதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 320. கணக்கு ஏறக்குறைய பொருந்திவிட்டது.

பின்பக்கக் குழாயையும் தொட்டிக்கு இழுப்பதா, முதல் மழையின் அழுக்கு நீரை எவ்வளவு வெளியே விடுவது என்பதில் இரண்டு குழுக்களுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்த மழையில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக் கலங்கல் எப்போது தெளிகிறது என்று பார்க்கப் போகிறார்கள்.