யூரின் முழுசா போச்சாம்மா?

எண்டோமெட்ரியோசிஸ் மகப்பேறு வார்டின் சமாசாரம் என்றுதான் நாங்கள் ரொம்ப காலம் நினைத்திருந்தோம். கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்கிற நோய். அது மலக்குடலிலோ அதற்கு மேலே உள்ள சிக்மாய்டு குடலிலோ ஊடுருவிவிட்டால் குடல் அறுவை சிகிச்சை வார்டுக்கு, எங்களிடம், வந்துவிடுவார்கள். அதற்குள் மூலம், வாயு, ஐபிஎஸ் (IBS) எனும் குடல் எரிச்சல் நோய் என்று வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருப்பார்கள். கையில் கொலோனோஸ்கோபி நார்மல் என்று ஒரு ரிப்போர்ட்டும் இருக்கும். நோய் குடலின் வெளிச்சுவரிலிருந்து தசைக்குள் வளர்வதால், உள்ளே போகும் கேமராவுக்குப் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐயில்தான் பிடிபடும்.

மேலோட்டமாக இருந்தால் சுரண்டி எடுப்பார்கள். சின்னக் கட்டி என்றால் அந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டித் தைப்பார்கள். பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் குடலில் ஒரு துண்டையே எடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். புற்றுநோய் இல்லை என்பதால் எவ்வளவு குறைவாக எடுக்கலாம் என்றுதான் டாக்டர்கள் யோசிப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வயிற்றில் குறி போடுவது என் வேலை. தற்காலிகமாகக் குடலை வெளியே எடுத்துப் பை வைக்க நேர்ந்தால் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்ப்பேன். பாவாடை நாடா கட்டும் இடத்தில் வந்துவிடக் கூடாது. மடிப்பில் விழுந்தால் பை ஒட்டாது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பை வெச்சிடுவீங்களா சிஸ்டர்?"

அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் எங்கள் கவலை குடலில் போட்ட தையல் கசிவது. கசிந்தால் முதல் வாரத்தில் காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு ஏறிவிடலாம். யோனியிலும் தையல் போட்டிருந்தால் அதற்கும் மலக்குடலுக்கும் நடுவே புரை, அதாவது இரண்டையும் இணைக்கும் ஓட்டை, விழும் அபாயமும் உண்டு. கீழே காற்று வருகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு நாலு நாள் வாய் திறக்காமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஓரளவு சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாதது சிறுநீர் விஷயம். மலக்குடலை ஒட்டியே சிறுநீர்ப்பையின் நரம்புகள் ஓடுகின்றன. ஆழமாக வெட்டும்போது அவையும் அடிபடலாம். சிறுநீர் டியூப் எடுத்த மறுநாள் ஒரு பெண், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, "போயிட்டேன் சிஸ்டர், நல்லாப் போச்சு" என்றாள். அளவு ஜாடியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஸ்கேன் வைத்தால் உள்ளே 400 மில்லிக்கு மேல் தேங்கியிருக்கிறது. அவளுக்கு முட்டுகிற உணர்வே இல்லை. மாமியாரைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, கண்ணாடி வைத்துத் தானே டியூப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தேன். அழுதாள். "இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா மனசைத் தேத்திட்டு வந்திருப்பேனே" என்றாள்.

பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், சிலருக்கு ஆவதில்லை. மலமும் அப்படித்தான்: துண்டு எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போவது, அடக்க முடியாமல் ஓடுவது. இந்த இரண்டையும் குறி போடும்போதே சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பயமுறுத்துகிறேன் என்று ஒரு டாக்டருக்கு என்மேல் வருத்தம். சொன்னதைக் கேட்டு யாரும் ஆபரேஷன் வேண்டாம் என்று எழுந்து போனதில்லை. வலி அப்படி. "டியூப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போகலாமா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். போகலாம்.