பழைய டிராக்டரும் ஆறு டன் கரும்பும்

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் தை பிறப்பதற்கு முன்பே கரும்பு வெட்டு தொடங்கிவிடும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த நாள் முதல் கடைசிப் பாரம் இறங்கும் நாள் வரை வீட்டில் பேச்செல்லாம் ஆள், வண்டி, வரிசை என்ற மூன்றைச் சுற்றியே நடக்கும். இந்த ஆண்டு வண்டி ஓட்டப்போகிறவன் என் அண்ணன் மகன். முதல் நாள் காலையிலேயே வந்து, "சித்தப்பா, நம்ம வண்டி எத்தனை டன் இழுக்கும்?" என்று கேட்டான். இருபது வருடங்களுக்கு முன்பு நானும் அப்பாவிடம் இதையேதான் கேட்டேன். அவனுக்கு நின்ற இடத்தில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது 1992இல் அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர், முப்பத்தைந்து குதிரைத்திறன் சொச்சம், எடை ஏறக்குறைய 1,700 கிலோ. அதன் பின்னால் மாட்டுவது இரட்டை டயர் போட்ட இரண்டு சக்கர டிரெய்லர். வெறும் பெட்டியே 1,300 கிலோ இருக்கும். அதில் ஆறு டன் கரும்பை ஏற்றினால் மொத்தம் ஒன்பது டன் ஆகிறது. இந்த ஒன்பது டன்னில் பிரேக் இருப்பது டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும். முன்சக்கரங்களுக்கு இல்லை, எங்கள் டிரெய்லருக்கும் இல்லை. இழுப்பதைக் கேட்டால், சமதரையில் முதல் கியரில் எட்டு டன்னையும் இந்த வண்டி முனகிக்கொண்டே இழுத்துவிடும். டிராக்டரின் கியர்ப்பெட்டி அதற்காகவே செய்யப்பட்டது. ஆகையால் இழுவையை வைத்துப் பாரத்தை முடிவு செய்பவன் வண்டி தன்னிடம் சொல்லாத ஒன்றை நம்பிச் சாலையில் இறங்குகிறான்.

நிறுத்துவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தோராயமாகவாவது போட்டுப் பார்க்கலாம். பாரம் ஏற்றிய நிலையில் டிராக்டரின் பின்சக்கரங்கள் மீது 1,800 கிலோ அழுத்துகிறது என்று கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு அந்த எடையில் பத்தில் ஆறு பங்கு இருக்கும். அதாவது நாம் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஒன்பது டன்னைத் தடுக்கக் கிடைப்பது ஏறக்குறைய 1,100 கிலோ விசைதான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சமதரையில் நிற்க 20 மீட்டர் வேண்டும், நாம் யோசித்துக் காலை வைக்கும் நேரம் தனி. இருபதடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், பாரத்தின் எடையே 450 கிலோ விசையோடு நம்மைக் கீழே தள்ளுகிறது. தூரம் 34 மீட்டராகிவிடும். அதே சரிவில் மழை தூறி, சாலையில் மணலும் சிந்தியிருந்தால் பிடிப்பு பாதியாகக் குறைந்து, தடுக்கும் விசைக்கும் தள்ளும் விசைக்கும் நடுவே மிஞ்சுவது வெறும் 90 கிலோ. அப்போது வண்டி நிற்கக் கணக்குப்படி 240 மீட்டர் ஆகிறது. எங்கள் ஆற்றங்கரைச் சரிவின் மொத்த நீளமே அவ்வளவு இல்லை.

ஒரு கார்த்திகை மாதத்தில் இந்தக் கணக்கை நான் உடம்பால் கற்றுக்கொண்டேன். டிராக்டருக்கு வலக்காலடியில் இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒன்று வலப் பின்சக்கரத்துக்கு, மற்றொன்று இடப் பின்சக்கரத்துக்கு. சேற்றில் உழும்போது ஒரு பக்கம் மட்டும் மிதித்துச் சட்டென்று திருப்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சிறு இரும்புக் கொண்டி இருக்கும். முந்தைய நாள் நடவுக்குச் சேறடித்துவிட்டுக் கொண்டியைப் போட மறந்துவிட்டேன். மறுநாள் ஐந்தரை டன் கரும்போடு ஆற்றங்கரையிலிருந்து இறங்கும்போது எதிரே ஒரு சைக்கிள் குறுக்கிட்டது. அவசரத்தில் மிதித்தபோது கால் வலப் பெடலில் மட்டும் விழுந்தது.

டிராக்டர் வலப்பக்கம் மூக்கைத் திருப்பியது, டிரெய்லர் திரும்பவில்லை. அது வந்த திசையிலேயே தள்ளிக்கொண்டு வர, இரண்டும் கொக்கி இருந்த இடத்தில் மடங்கின. டிரெய்லர்ப் பெட்டியின் வலது முன்மூலை என் பக்கத்து மட்கார்டை நசுக்கிக்கொண்டு வந்து, என் இடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கரையோரம் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் முன்சக்கரம் புதைந்ததால்தான் அந்த ஒரு சாணாவது மிஞ்சியது. சைக்கிள்காரர் இறங்கி வந்து முதலில் என்னைத் திட்டினார், பிறகு தண்ணீர் கொடுத்தார். அந்த நசுங்கல் இன்றும் மட்கார்டில் இருக்கிறது. தட்டி எடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பழைய வண்டி என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதும் இதே பிரேக்கில்தான் இருக்கிறது. பின் அச்சின் ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் மெல்லக் கசிந்து, பிரேக்கில் உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங்கை நனைக்கும். நனைந்த பக்கம் பிடிக்காது, மறுபக்கம் மட்டும் பிடிக்கும். கொண்டி போட்டிருந்தாலும் அப்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒருமுறை பட்டறையில் செலவைக் குறைப்பதாகச் சொல்லி ஒரு சக்கரத்துக்கு மட்டும் புது லைனிங் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கி வந்த அன்றே தெருமுனையில் அதன் விளைவு தெரிந்தது. லைனிங்கை மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், சீலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பருவம் தொடங்குவதற்கு முன் வெறும் வண்டியை மண் தரையில் ஓட்டி, கொண்டி போட்ட நிலையில் அழுத்தி மிதித்து, இறங்கிப் போய்ப் பின்சக்கரங்களின் தடத்தைப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு கோடும் ஒரே நீளம் இருந்தால் சரி.

சரிவில் இறங்குவதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு சாத்திரம் வைத்திருக்கிறார்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். வேகம் ஏறிய பிறகு கியர் விழாது, பிரேக் மட்டுமே துணை. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும், அதையும் சரிவு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பாதிச் சரிவில் கியர் மாற்றுவதற்காகக் கிளட்சை மிதிப்பது நியூட்ரலில் விடுவதற்குச் சமம். எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது, ஏனெனில் எஞ்சினின் பிடிப்பும் அதே இரண்டு பின்டயர்கள் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. லைனிங் சூடேறாமலும் வேகம் கூடாமலும் பார்த்துக்கொள்வதற்கு அது உதவும். டயரின் பிடிப்பை அது கூட்டாது. உண்மையில் நம் கையில் இருப்பது வேகமும் பாரமும்தான். வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால்பங்காகிறது.

பாரத்தை எப்படி அடுக்குவது என்பதற்கு அப்பா டிராக்டரிலிருந்து பாடம் சொல்லவில்லை, மாட்டு வண்டியிலிருந்து சொன்னார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே நியாயந்தான். பின்பாரமானால் கொக்கி மேல்நோக்கி இழுத்து, டிராக்டரின் பின்சக்கரங்களின் எடையைக் குறைக்கிறது. பிரேக் இருக்கும் சக்கரங்களே இலேசாகிவிடுகின்றன, டிரெய்லரும் வால் ஆட்டத் தொடங்குகிறது. முன்பாரம் மிகுந்தால் கொக்கி அழுந்தி முன்சக்கரங்கள் இலேசாகும். எங்கள் வண்டியில் கொக்கியின் மேல் 700 கிலோ விழுந்தால் முன் அச்சின் எடை ஏறக்குறைய 250 கிலோ குறைகிறது. மேடு ஏறும்போது இன்னும் குறையும். ஸ்டீயரிங் வெண்ணெய் போலச் சுற்றுகிறது என்று அப்போது சந்தோஷப்படக் கூடாது. திருப்பினாலும் வண்டி திரும்பாது என்பதற்கு அதுவே அறிகுறி. முன்னால் பம்பரில் எடைக்கட்டிகள் மாட்டிக்கொள்வது நல்லது. பின்டயர்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவதும் பயன் தரும், சக்கரத்தின் பிடிப்பு அதனால் கூடும். கட்டு ஏற்றும் ஆட்கள் முன்பக்கத் தடுப்பிலிருந்து அடுக்கத் தொடங்கி, களைத்துப்போன நேரத்தில் மிச்சத்தையெல்லாம் பின்னால் எறிவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கொக்கியில் செருகும் இரும்பு முளையான பின்னைப் பற்றி ஒரு சொல். தேய்ந்த பின்னுக்குப் பதில் கையில் கிடைத்த போல்ட்டையோ கட்டுமானக் கம்பித் துண்டையோ போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே செய்த பின்னை வாங்க வேண்டும், அது மேலெழும்பாமல் கீழே கிளிப் போட வேண்டும், அதற்கும் மேலாக டிராக்டரையும் டிரெய்லரையும் இணைத்து ஒரு சங்கிலியும் தொங்க வேண்டும். அப்போது அந்தப் பின் முறிந்தாலும் டிரெய்லர் தனியாக ஊருக்குள் ஓடாது.

உயிரை உடனே எடுப்பது வேறொன்று. வயலில் டிரெய்லர் புதைந்துவிட்டால், கொக்கியில் இழுத்து வராததைக் கண்டு, சங்கிலியை மேலே ஹைட்ராலிக்கின் டாப் லிங்க் என்னும் மேல் இணைப்புக் கம்பி மாட்டும் இடத்திலோ அச்சுக்கு மேலோ கட்டி இழுக்கிறார்கள். பின்சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக டிராக்டரையே அச்சைச் சுற்றித் தூக்கும். இழுவை அச்சுக்கு மேலிருந்து கிடைத்தால் அதற்கு இன்னும் வசதியாகிவிடும். முன்பக்கம் எழும்பி, கிளட்சில் கால் போவதற்குள் வண்டி ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். இழுவை எப்போதும் அச்சுக்குக் கீழேயிருந்துதான் இருக்க வேண்டும். புதைந்த டிரெய்லரைப் பாதி இறக்கிவிட்டு இழுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, கூலி மட்டுந்தான் கூடும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே கணக்கிடுகிறது. அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள், டிராக்டர்க் காப்பீடு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு நடையில் இரண்டு டன் கூடுதலாக ஏற்றி மிச்சப்படுத்தும் வாடகை இதில் ஒரு மூலைக்குக் காணாது.

இரவுப் பயணத்தில் நம் பிரேக்கை விடவும் பின்னால் வருபவரின் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பும் தொங்கும் சோகையும் பின்விளக்கை முழுவதும் மூடிவிடும், இருட்டில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்கிற ஒரு கறுப்புக் குவியலாகத்தான் நாம் தெரிவோம். விளக்கைச் சரிசெய்தால் மட்டும் போதாது. ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டிய ஒரு பலகையை, கரும்பின் நுனி எதுவரை நீள்கிறதோ அதற்கும் வெளியே தெரியும்படி நான் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறேன், பக்கத்தில் ஒரு பேட்டரி விளக்கும். ஓரிரவு முழுவதும் எரியுமா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் புறப்படுவது.

அண்ணன் மகனுக்கு நான் கொடுத்த விடை நான்கு டன். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறைகிறது என்பதும், இரண்டு நடைக்குப் பதில் மூன்று நடை போனால் டீசலும் ஒரு நாளும் கூடுதலாகும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது, பக்கத்து வயல்காரர் ஏழு டன் ஏற்றுவதைச் சுட்டிக்காட்டினான். அவருடைய டிராக்டர் ஐம்பது குதிரைத்திறன், நான்கு சக்கர டிரெய்லர், அதுவும் பிரேக் வைத்தது என்று சொன்னேன்.

ஆலை வாசலில் வரிசை சில நாள் விடியும்வரை நகராது. அங்கேயும் நிலம் சமமாக இருப்பதில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், கியரில் வைத்து, டிரெய்லர்ச் சக்கரம் இரண்டுக்கும் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். வேப்பங்கட்டையில் ஆப்புப் போலச் சீவி, கயிறு கோத்த இரண்டு கட்டைகள் இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன. கயிறு எதற்கென்றால், எடுக்கும்போது சக்கரத்துக்கு முன்னால் குனியாமல் பக்கவாட்டில் நின்று இழுத்துக்கொள்ளலாம்.