பத்து நிமிட தூரம்

ஜூலை 3, வியாழன்
உள்ளறையில் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின், கூடத்தில் அம்மா, மொட்டைமாடியில் வெயில். இன்றைய மீட்டிங்கை மாடிப்படியில் உட்கார்ந்து முடித்தேன். "பின்னால் என்ன சத்தம், மிக்ஸியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொளத்தூரில் எங்காவது ஒரு மேசை, ஒரு பிளக், பத்து நிமிடத்தில் வீட்டுக்கு ஓடி வருகிற தூரம். இவ்வளவுதான் வேண்டும்.

ஜூலை 4
கிளை நூலகம் வரை நடந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது பள்ளிக்கூட நாளிலேயே தெரியும், மறந்துவிட்டேன்.

ஜூலை 5
நூலகம் திறந்திருந்தது. நடந்து ஆறு நிமிடம். நாளிதழ் மேசையில் பெரியவர்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் அப்பா வயது. ஒருவர் பேப்பரை மடிக்கிற விதம் அப்படியே அப்பா. நூலகர் அம்மா தன் மேசைக்குப் பக்கத்துப் பிளக்கைக் காட்டி, "இதில் போட்டுக்கம்மா" என்றார். இரண்டு மணி நேரம் நன்றாக வேலை ஓடியது. ஆனால் ஃபோன் வந்தால் வெளியே தெருவில் நின்றுதான் பேச வேண்டும். நாளில் எனக்கு நான்கு மீட்டிங்.

ஜூலை 7
பெரம்பூர் பக்கம் ஒரு காபி கடை. போக ஒன்பது நிமிடம். திரும்பும்போது மெட்ரோவுக்குத் தோண்டிய சாலையில் ஆட்டோ நின்று போய் இருபத்தாறு நிமிடம். வேண்டாம்.

ஜூலை 8
அண்ணி சொல்லி அகரம் ஜெகந்நாதன் தெருவில் இருக்கும் முதல்வர் படைப்பகத்துக்குப் போனேன். 2024 நவம்பரில் திறந்தது. இத்தனை நாள் அந்தத் தெரு வழியாகத்தான் மருந்துக் கடைக்குப் போய் வந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை செய்பவர்களுக்கு 38 இடம், படிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக 51. அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100, மாதத்துக்கு 2,500. படிக்க வருகிறவர்களுக்கு 5 ரூபாய்தான். பேசுவதற்குத் தனி அறைகள், மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஏசி, வைஃபை, எட்டும் தூரத்தில் பிளக். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்ற கூச்சம் இல்லை. காசு கட்டியிருக்கிறோம், நம் இடம். ஒரு பேட்டைக்கு அரசாங்கம் இப்படி ஒன்றைக் கட்டித் தருவது எவ்வளவு பெரிய காரியம் என்று வீடு சின்னதாக இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நடந்து எட்டு நிமிடம். இரண்டு முறை நடந்து பார்த்தேன்.

ஜூலை 9
அந்த அமைதியில் வேலை ஓடவில்லை. மெஷின் சத்தம் கேட்கவில்லை, அதனால்தான். வீட்டில் அது ஓடுகிறது என்று காதுக்குத் தெரியும். இங்கே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அந்த ரூமுக்குள்ள போய்ப் பேசும்மா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று முறை சொன்னேன்.

ஜூலை 10
நாளை மறுநாள் குரூப் 4 தேர்வு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டி வெளியே மர நிழலில். குழந்தை அழுதால் இவள் தலை நிமிரும். நானும் ஃபோனைப் பார்த்தேன்.

இரவு: செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மின்தடை, காலை 9 முதல் மதியம் 2 வரை. ஐந்து மணி நேரம். இன்வெர்ட்டரில் மெஷின் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அண்ணன் ஒரு கணக்குச் சொல்கிறான், எலக்ட்ரீஷியன் வேறு கணக்குச் சொல்கிறார். சிலிண்டர் சொல்லியாயிற்று. வருமா? திங்கள் இரவே வர வேண்டும். வராவிட்டால் யாருக்கு ஃபோன் செய்வது? பெரிய சிலிண்டர் என்றால் மாடிப்படி திருப்பத்தில் திரும்புமா? கட்டில் அந்தத் திருப்பத்தில் திரும்பாமல்தான் கழற்றி ஏற்றினோம். நாளை டேப் வைத்து அளக்க வேண்டும்.

ஜூலை 11
அளந்தேன். திரும்பும்.

ஜூலை 13, ஞாயிறு
வண்ண மீன் கடைகளுக்குப் போனேன். அப்பா பார்க்க ஏதாவது அசைகிறது வேண்டும் என்று ஆறு கப்பி. தொட்டியைக் கட்டிலுக்கு நேரே வைத்தோம். "காத்து மோட்டார் வேணாம், இங்க ஒண்ணு ஓடுறது போதும்" என்றார். நாளாயிற்று அவர் இப்படி முழு வாக்கியம் பேசி.

ஜூலை 15
9 முதல் 2 வரை கட்டிலருகில். லீவு போட்டுவிட்டேன். 1.40க்கே மின்சாரம் வந்துவிட்டது. அம்மா ஃபேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜூலை 16
அண்ணன் வீட்டில் இருந்ததால் துணிந்து கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தபோது அப்பாதான் கூட்டிப்போனார். தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் உட்கார்ந்தேன். ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு அம்மா. தெர்மாமீட்டர் எங்கே என்று. எதற்கு என்று கேட்டால் சும்மா என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

99.4.

ஜூலை 17
ஆடி பிறந்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதியை ஆடி கழித்து வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா. எனக்குக் கோபம் வந்தது. கத்தியிருக்க வேண்டாம்.

ஜூலை 18
தெருமுனை அம்மன் கோயிலில் விடிகாலை முதல் ஒலிபெருக்கி. நூலகம் விடுமுறை. படைப்பகத்துக்கு முன்பதிவு செய்ய மறந்தது நான்தான். மாடிப்படி. "மிக்ஸியா?" என்று இன்று யாரும் கேட்கவில்லை, பாட்டுச் சத்தத்தில் மெஷினே கேட்கவில்லை. இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஜூலை 20
ஒரு கப்பி செத்துவிட்டது. அப்பா எழுவதற்குள் எடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தார், கேட்கவில்லை.

ஜூலை 21
நாளைக் காலைக்கு 50 ரூபாய் கட்டி, கதவோர இடமாக எடுத்திருக்கிறேன். அங்கிருந்து ஓடினால் ஐந்து நிமிடம். அப்பா ராத்திரி கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.