புத்தகம் பீரோவுக்குள், பீரோ தண்ணீருக்குள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில், சென்னையை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். படகில் வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் எங்கள் நாய் கறுப்பியையும் ஏற்றிக்கொண்டார்கள். வம்பெல்லாம் கரையேறிய பிறகுதான்.

நிவாரண முகாமில் நாய்க்கு இடமில்லை. குழந்தைகள் படுத்திருக்கும் கூடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நின்ற ஊழியர், "அவிழ்த்துவிட்டு வாருங்கள், அது பிழைத்துக்கொள்ளும்" என்றாரே, அது இன்னும் ஆறவில்லை.

நாய்களைத் தங்கவைக்கும் இடங்களைக் கூப்பிட்டேன். ஒன்று நிரம்பிவிட்டதாம். இன்னொன்றில் நாட்டு நாய் என்றதும் பேச்சே மாறிவிட்டது. மூன்றாவது இடத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினால், "தடுப்பூசிப் புத்தகம்?" என்றார்கள். அது பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக்கொண்டிருந்தது. வெறிநோய்க்கும், பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய்க்கும் போட்ட ஊசிகளுக்குச் சான்று கேட்பது நியாயம்தான். பார்வோ ஓரிடத்தில் புகுந்தால் மாதக்கணக்கில் போகாது. எதையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இந்த ஞானமெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு ஆட்டோவுக்கு அழுத 400 ரூபாய்தான் எரிந்தது.

நடுவில் ஒருவர் இலவசமாகவே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டு முகவரி கேட்டேன். "பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்" என்றார். அழைப்பைத் துண்டித்தேன். அன்றிரவு ஒரு மருந்துக்கடைப் படிக்கட்டில் நானும் கறுப்பியும்.

விடிகாலையில்தான் நினைவு வந்தது. ஜூலையில் ஊசி போட்டதும், புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. அவள் திருப்பி அனுப்பினாள். அதே மூன்றாவது இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் புத்தகத்தையும் இன்றே படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் படிவத்தைப் படித்தது நல்லதாயிற்று. பதினைந்து நாளில் அழைத்துப் போகாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்! வீட்டில் தண்ணீர் எப்போது வடியும் என்று யாருக்குத் தெரியும்? அந்த வரியை அடிக்கவைத்து, உடம்பு சரியில்லை என்றால் எந்த மருத்துவர், என்னைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை எழுதிச் சேர்த்தேன். முகம் சுளித்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் அழைத்துவரப் போனேன். கறுப்பி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தட்டில் மிச்சமிருந்த சோற்றை முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.