யேல் குடும்பக் கொடிவழி: மூன்றாவது சார்ட்

மூன்றாவது சார்ட் பேப்பர் நேற்று இரவு ஒருவழியாக உருப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் கொடிவழியைக் கையால் வரைந்து பார்க்கிறேன். சென்னையில் ஆளுநராக இருந்தவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதல் சார்ட்டைப் பெயர்களே கெடுத்தன. தாத்தா தாமஸ், அப்பா டேவிட், அப்பாவின் தம்பி தாமஸ், உடன்பிறந்த தாமஸ், மகன் டேவிட். அழித்து அழித்துத் தாள் நைந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் கீழே எலிஹுவுக்கு அவர் என்ன முறை என்று தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்றால் முடிந்தது. தமிழில் பெரியப்பாவா, சித்தப்பாவா என்று தெரிந்தாக வேண்டும். டேவிட் மூத்தவர் என்பதால் தாமஸ் சித்தப்பா. அமெரிக்காவின் நியூ ஹேவன் குடியேற்றத்திலேயே தங்கிவிட்டவர் இந்தச் சித்தப்பாதான். அமெரிக்காவில் யேல் வம்சம் அவர் வழியில்தான் தழைத்தது. பூட்டுக்குப் பேர்போன லைனஸ் யேலும் இதே குடும்பம்.

பாட்டி வந்ததும்தான் படம் தெளிந்தது. ஆன் லாயிட், தாத்தா தாமஸ் யேலின் விதவை. வணிகர் தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்தார். 1637-இல் ஈட்டன் பாஸ்டனுக்குக் கப்பலேறியபோது யேல் பிள்ளைகளும் போனார்கள். மறு வருடம் நியூ ஹேவன் உருவானது, ஈட்டன் அதன் முதல் ஆளுநரானார். பாட்டி மறுமணம் செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் கடல் தாண்டியிருப்பார்களா?

ஆளுநரின் மனைவி என்று பாட்டிக்குத் திருச்சபை சலுகை காட்டவில்லை. குழந்தை ஞானஸ்நானம் சரியல்ல என்று நின்றவரை விசாரித்து, 1645-இல் விலக்கிவைத்தார்கள். அவருடைய மகள் ஆன், எலிஹுவுக்கு அத்தை. கனெக்டிகட் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. அத்தைக்கு மனநிலை பாதித்தது. அதிகம் படித்ததும் எழுதியதும்தான் காரணம் என்று மாசசூசெட்ஸ் தலைவர் ஜான் வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதைப் படித்த அன்று பென்சிலைத் தொட மனம் வரவில்லை.

எலிஹு 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயதுவாக்கில் இங்கிலாந்து போனவர், பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்தார். 1680 நவம்பர் 4-இல், திறந்து ஒரு வாரமே ஆன புனித ஜார்ஜ் கோட்டைப் புனித மேரி தேவாலயத்தில் கேத்தரீன் ஹின்மர்ஸை மணந்தார். அங்கே பதிவான முதல் திருமணம் அதுதான். கேத்தரீனும் விதவை. முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸின் சொத்தும் அவருடன் வந்தது. பாட்டியின் மறுமணத்துக்குப் போட்ட அதே சிவப்பு மையை இங்கேயும் போட்டேன்.

1718-இல் எலிஹு, பின்னாளில் யேல் பல்கலைக்கழகமான கல்லூரிக்கு அனுப்பிய 9 பொதிச் சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அந்தச் செல்வத்தை எழுதும்போது இன்னொன்றை விட்டுவிட முடியாது. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்ற விதி அவர் காலக் கோட்டையில் இருந்தது. அவர்கள் பெயர் என்னிடம் இல்லை. ஓரத்தில் 10 வெற்றுக் கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக மகன் டேவிட். சிறுவயதிலேயே இறந்தவன். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், அம்மாவின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும் அவனும் ஒரே சமாதியில் இருக்கிறார்கள். இருவருக்கும் என்ன முறை என்று எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்குப் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன்.