தாடிக்காரர் வீட்டுக்குச் செடி

மார்ச் 4
மணல் கலந்த மண், ஒரு கல், ஒரு கட்டை. தொட்டி அவ்வளவுதான். தாடிக்காரர், அதாவது நான் வளர்க்கும் ஆஸ்திரேலிய தாடி ஓணான், கட்டைமேல் ஏறி, விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறார். பிளாஸ்டிக் கள்ளியைப் பிடுங்கி எறிந்தேன். அதைப் பார்த்தாலே ஆஸ்பத்திரி வரவேற்பறை ஞாபகம் வருகிறது.

மார்ச் 5
உயிருள்ள செடிதான் வேண்டும். எது என்று தெரியவில்லை.

மார்ச் 6
வேண்டாதவற்றை முதலில் கழித்தேன். திருகுக்கள்ளி பார்க்க அழகு. ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் போச்சு. கலாஞ்சோ சிவப்பாகப் பூக்கும், இவர் ஒரே பாய்ச்சலில் போய்க் கடிப்பார். அதிலிருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அடீனியமும் அப்படியே. சோற்றுக்கற்றாழைத் தோலுக்கடியில் மஞ்சள் பால், பேதியாகும். எதையும் நாக்கால் தொட்டுப் பார்க்காமல் இருக்க இவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இலையும் நல்ல இலைதான். உள்ளே என்ன ஓடுகிறது என்று யார் சொல்வது?

மார்ச் 7
அக்காவுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

மார்ச் 8
தூக்கமில்லை. சப்பாத்திக்கள்ளி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இவருடைய ஆஸ்திரேலியாவில் பரவி நிலத்தையே விழுங்கிய செடி. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். மடல் இவர் தின்னக்கூடியதுதான். ஆனால் முள்ளில்லாத வகை என்று கொடுப்பதிலும் மயிரிழை முட்கள் இருக்கக்கூடும். வாயில் தைத்தால் எடுக்க முடியாது. வேண்டாம்.

மார்ச் 9
முடிவு செய்துவிட்டேன்! போர்ட்டுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானை மேயும் செடி, ஒடிந்து விழுந்த துண்டும் வேர்விடும். இவர் மேலே ஏறி மிதித்தாலும் பிழைக்கும். கூட ஒரு ஹவொர்த்தியா, புதர் நிழலில் வளர்ந்து பழகியது, கட்டைக்குப் பின்னால் வைக்கலாம். விளக்கடியில் எதுவும் கிடையாது. அங்கே கல்லே 40 டிகிரி. எச்செவேரியாவும் யோசித்தேன், வெளிச்சம் குறைந்தால் கழுத்து நீண்டு அசிங்கமாகிவிடும். இவருடைய புற ஊதா விளக்கு செடிக்குப் போதாது, தனியாக வெள்ளை எல்இடி மாட்ட வேண்டும். சிறு சட்டியோடு மண்ணில் புதைத்தால் தண்ணீர் தொட்டி முழுக்கப் பரவாது, தோண்டினாலும் வேர் தப்பும்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: "அவரு ஒழுங்கா சாப்பிடறாராடா?"

மார்ச் 11
செடிகள் வந்தன. வந்ததும் பயமும் வந்தது. பண்ணையில் இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி விட்டிருந்தால்? வேர் வழியாக ஏறி இலைக்குள் உட்கார்ந்திருக்கும் மருந்து அது, குழாயடியில் எவ்வளவு கழுவினாலும் போகாது. பழைய மண்ணை உதறி, உரமில்லாத புது மண்ணில் மாற்றிவிட்டேன். தொட்டிக்கு வெளியேதான் இருக்கும். வாரக்கணக்கில். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பச்சை, கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லை. அக்காவும் அப்படித்தானே இருந்தாள்.

மார்ச் 12
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் செடி, அந்தப்பக்கம் இவர். தாடியைக் கறுப்பாக்கி, தலையை ஆட்டி மிரட்டுகிறார். சிரித்துவிட்டேன். அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன், இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 17
போர்ட்டுலகேரியா நுனியில் துளிர். இது போதாது, பழைய இலை உதிர்ந்து புது இலை நிறைய வரட்டும். சட்டியில் தண்ணீர் சரியாக வடியவில்லை. நாளை கூழாங்கல் கழுவ வேண்டும்.